மகன் விஸ்லருக்குக் கூப்பிடுகிறார்: ஸ்கீ தெரியாத குடும்பம் போகலாமா?

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கும் கேள்வி, சுருக்கமாக: மகன் கனடாவில், வான்கூவரில் வேலை பார்க்கிறார். பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறைக்கு எல்லோரையும் விஸ்லர் மலைக்கு ஐந்து நாள் ஸ்கீ (காலில் நீளப் பலகை மாட்டிப் பனியில் சறுக்குவது) விடுமுறைக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறார். போகிறவர்கள் ஆச்சி, அவர் கணவர் (68 வயது, முழங்கால் தேய்மானம்), மகன், மருமகள், சென்னையிலிருந்து வரும் மகள், அவருடைய இரண்டு பிள்ளைகள் (11 வயது, 7 வயது). "பனியையே பார்த்திராத எங்களுக்கு இது ஒத்துவருமா? காசைக் கரைத்துவிட்டு அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டி வருமா?"

ஆச்சி, தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு விஷயத்தை இப்போதே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்: ஏழு பேரும் ஸ்கீ போட வேண்டியதில்லை. கற்றுக்கொள்கிறவர்கள் காலையில் பயிற்சிக்குப் போகட்டும். நீங்களும் அண்ணனும் (உங்கள் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன்) கோண்டோலாவில், அதாவது கம்பியில் தொங்கி மலை ஏறும் பெட்டியில், ஏறுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு மலைமேல் ஒரே இடத்தில் கூடுங்கள். இப்படிப் பிரித்துக்கொண்ட குடும்பங்கள் சந்தோஷமாகத் திரும்பி வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் எல்லாம் செய்ய வேண்டும் என்று கிளம்பினால், யாராவது ஒருவருக்காக மற்ற ஆறு பேரும் குளிரில் காத்துக்கொண்டு நிற்பார்கள்.

வான்கூவரில் வேலை பார்த்த காலத்தில் குளிர்காலம் என்றால் எனக்கு விஸ்லர்தான். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களையும் அழைத்துப் போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. விஸ்லர், பிளாக்கோம் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மலைகள். இரண்டும் சேர்ந்து 8,171 ஏக்கர், 200-க்கு மேற்பட்ட சறுக்குப் பாதைகள். வட அமெரிக்காவின் மிகப் பெரிய ஸ்கீ தலங்களில் ஒன்று. 2010 குளிர்கால ஒலிம்பிக்கில் மலைச்சரிவு ஸ்கீ போட்டிகள் விஸ்லர் மலையில்தான் நடந்தன. வான்கூவரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், சாலை நன்றாக இருந்தால் இரண்டு மணி நேரம். இவ்வளவு பெரிய இடம் என்றதும் பயப்பட வேண்டாம். முதல் தடவை போகிறவருக்கு அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. பெரிய மலையின் நன்மை வேறு இடத்தில் இருக்கிறது: ஆரம்பக்காரர்களுக்கென்று தனி இடம், நிறையப் பயிற்சியாளர்கள், ஸ்கீ போடாதவர்களுக்கும் பொழுது போக வழி, எல்லாம் அங்கே உண்டு.

மூச்சு முட்டுமோ என்ற கவலை அண்ணனுக்கு இருந்தால் அதை விட்டுவிடச் சொல்லுங்கள். மலையடிவாரத்தில் நீங்கள் தங்கும் விஸ்லர் கிராமம் 675 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கோண்டோலா கொண்டுபோய் விடும் ரவுண்ட்ஹவுஸ் என்ற இடம் சுமார் 1,850 மீட்டர். கொடைக்கானல் அதைவிட உயரம்.

குளிர் விஷயத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் தவறாகத் தயாராகிறார்கள். மார்கழிப் பனிக்கே மஃப்ளர் கட்டுகிற நாம், கனடா என்றதும் மைனஸ் முப்பதைக் கற்பனை செய்துகொண்டு கனத்த கம்பளி ஸ்வெட்டர்களாக வாங்கிக் குவிக்கிறோம். விஸ்லர் பசிபிக் கடலுக்குப் பக்கத்து மலை. குளிர்காலத்தில் கிராமத்தில் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். மேலே பனி கொட்டும்போது கீழே மழை பெய்வது அங்கே சாதாரணம். அதனால் அங்கே உங்களைப் படுத்துவது குளிரைவிட ஈரம்தான். நனைந்த கம்பளியோடு பத்து நிமிடம் நின்றால் அன்றைய நாள் முடிந்தது.

ஆகவே மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல் (குளிருக்கான உள்ளுடுப்பு), அதற்கு மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேண்ட்டும். பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குக் கண்டாங்கி எவ்வளவு சுகமோ, அந்தப் பனியில் பருத்தி அவ்வளவு ஆகாது. வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும், உடம்புச் சூடெல்லாம் அதிலேயே போய்விடும். ஜீன்ஸும் பருத்திதான், பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சேலைதான் கட்டுவேன் என்றால் மகன் வீட்டில், ஓட்டலுக்குள் கட்டிக்கொள்ளலாம். வெளியே இறங்கும் நேரத்துக்கு மட்டும் தெர்மலும் மேலே தண்ணீர் புகாத பேண்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள் ஆச்சி. பாதி உருகிய பனிச்சேற்றில் சேலைக் கரை நனைந்துவிட்டால் கணுக்கால் விறைத்துவிடும்.

இதையெல்லாம் காரைக்குடியிலோ சென்னையிலோ தேடி அலைய வேண்டாம். தெர்மல் மட்டும் இங்கே வாங்குங்கள். ஜாக்கெட், பேண்ட், கையுறை எல்லாம் மகனின் நண்பர்கள் வீட்டில் இரவல் கிடைக்கும், வாடகைக்கும் கிடைக்கும். கையுறை விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும். மதியத்துக்குள் ஒரு ஜோடி நனைந்துவிடும்.

ஸ்கீ, பூட், கைக்கோல், ஹெல்மெட் நான்கும் வாடகைக்கே எடுங்கள். இதில் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் நாள் அழுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் பூட்டால்தான் அழுகிறார்கள். ஸ்கீ பூட் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தது, கெண்டைக்காலின் நடுப்பகுதி வரை வரும். உள்ளே ஒரே ஒரு மெல்லிய, நீளமான சாக்ஸ். குளிருமே என்று இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் இறுகிக் கால் இன்னும் சில்லிட்டுப் போகும். சாக்ஸில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. தெர்மல் பேண்ட்டின் நுனியைப் பூட்டுக்குள் செருகக் கூடாது, அந்த மடிப்பு ஒரு மணி நேரத்தில் கெட்டியாகிக் காலில் குத்தும். காலை நுழைத்ததும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் உட்கார வைத்து, அப்புறம் பக்கிள்களை மாட்ட வேண்டும். நேராக நின்றால் கால்விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் கொஞ்சம் பின்வாங்க வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. அதுதான் சரியான அளவு. நடக்க வசதியாகத் தளர்வாக இருக்கிறது என்று பிள்ளைகள் பெரிய அளவைக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். உள்ளே ஆடும் கால் ஸ்கீயைத் திருப்ப முடியாது. போட்ட உடனே "நல்லா இருக்கு" என்று சொல்லும் பிள்ளையைப் பத்து நிமிடம் நடக்க விட்டு மறுபடி கேளுங்கள்.

கடையில் எடை, உயரம், வயது, ஸ்கீ போடத் தெரியுமா என்று கேட்பார்கள். எடையைக் குறைத்தும் கூட்டியும் சொல்லக் கூடாது. விழும்போது பூட் ஸ்கீயிலிருந்து தானாகக் கழன்றுகொள்ள வேண்டும், அந்தப் பிடிப்பின் இறுக்கத்தை இந்த விவரங்களை வைத்துத்தான் அமைக்கிறார்கள். இறுக்கம் கூடிப்போனால் கழலாமல் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். குறைந்துபோனால் சும்மா போகும்போதே கழன்றுவிடும். வாடகைக் கடைக்கு முந்தின நாள் சாயங்காலமே போய் எடுத்துவிடுங்கள். காலையில் போனால் வரிசையிலேயே பயிற்சி நேரம் கழிந்துவிடும்.

பயிற்சிக்கு வருவோம். மகன் நன்றாக ஸ்கீ போடுகிறவராகவே இருக்கலாம், ஆனாலும் அக்காவுக்கும் அக்கா பிள்ளைகளுக்கும் அவர் கற்றுத்தர வேண்டாம். சொந்தக்காரர் கற்றுத்தந்தால் கோபம் வரும், அவசரமும் வரும். அங்கே ஸ்கீ பள்ளி மூன்று வயதிலிருந்தே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறது. வயதுவாரியாகக் குழு பிரித்து, மதியச் சாப்பாடு வரை பார்த்துக்கொள்வார்கள். உங்கள் 7 வயதுப் பேரப்பிள்ளை 11 வயதுப் பிள்ளையைவிட வேகமாகக் கற்றாலும் ஆச்சரியப்படாதீர்கள். உயரம் குறைவு, விழ பயம் இல்லை.

முதல் நாள் என்ன நடக்கும்? கிட்டத்தட்டச் சமதளத்தில் ஒற்றை ஸ்கீ மாட்டித் தள்ளித் தள்ளி நடக்க விடுவார்கள். அப்புறம் இரண்டும். முன் நுனிகள் இரண்டும் சேர்ந்து, பின்பக்கம் அகன்று, முக்கோணம் போல வைத்தால் வேகம் குறையும். இதைப் பிள்ளைகளுக்கு "பீட்சா" என்று சொல்லித் தருவார்கள். முக்கோணத்தை அகலமாக்கினால் நிற்கலாம், ஒரு காலை அழுத்தினால் எதிர்ப்பக்கம் திரும்பலாம். இவ்வளவுதான் அடிப்படை. இதில் எல்லோரையும் தோற்கடிப்பது பயம். சரிவைப் பார்த்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். பின்னால் சாய்ந்தால் ஸ்கீயின் முன்பக்கம் பிடிமானம் இழந்து, வேகம் இன்னும் கூடும். முழங்காலை மடக்கி, கெண்டைக்காலுக்கு எதிர்ப்புற முன்னெலும்பு பூட்டின் நாக்கை அழுத்துகிற மாதிரி முன்னால் சாய வேண்டும். பயமாக இருக்கும் இடத்தில் முன்னால் சாய்வதுதான் ஸ்கீ கற்பது. மகளும் மருமகளும் இதை மனதில் வைத்துக்கொண்டாலே முதல் நாளில் பாதி விழுதல் மிச்சம்.

இரண்டு முழு நாட்கள் இந்தச் சின்னச் சரிவிலேயே கழியட்டும். அங்கே தரையோடு நகரும் பெல்ட் ஒன்று இருக்கும், அதில் நின்றால் மேலே கொண்டுபோய் விடும். விஸ்லர் கோண்டோலாவின் பாதி வழியில் ஒலிம்பிக் ஸ்டேஷன் என்ற நிறுத்தம் உண்டு, அங்கே ஆரம்பக்காரர்களுக்கான சரிவு இருக்கிறது. கீழே மழையாக இருந்தாலும் அங்கே பனியாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாம் நாள், பயிற்சியாளர் சரி என்றால், பச்சை வட்டம் போட்ட பாதைக்குப் போகலாம். வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் வல்லவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் ஐரோப்பாவில் எளிது, இங்கே அப்படி இல்லை. லண்டனில் இருக்கிற சித்தப்பா பையன் "நீலத்தில் போகலாம்" என்று வாட்ஸப்பில் சொன்னால் கேட்க வேண்டாம். நாற்காலி லிஃப்டில் முதல் தடவை ஏறும்போது பக்கத்தில் நிற்கும் ஊழியரிடம் "முதல் தடவை" என்று சொல்லிவிட்டால் வேகத்தைக் குறைத்து ஏற்றிவிடுவார்.

அண்ணனுக்கு ஸ்கீ வேண்டாம், இதில் யோசிக்கவே இல்லை. ஸ்கீயில் அதிகம் அடிபடுவது முழங்கால்தான். தேய்ந்த மூட்டு அந்த முறுக்கலைத் தாங்காது. உங்களுக்கு மூட்டும் இடுப்பும் நன்றாக இருந்து, ஆசையும் இருந்தால், ஒரு அரை நாள் பயிற்சி மட்டும் எடுத்துப் பாருங்கள். அறுபது வயதுக்கு மேல் ஆரம்பித்து ரசித்தவர்களை அங்கே பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் இரண்டு பேருக்கான நாள். ஸ்கீ இல்லாதவர்களுக்குச் சுற்றிப் பார்க்கும் டிக்கெட் தனியாக உண்டு. விஸ்லர் கோண்டோலாவில் ரவுண்ட்ஹவுஸ் வரை போய், அங்கிருந்து பீக் டு பீக் என்ற கோண்டோலாவில் பிளாக்கோம் மலைக்குக் கடக்கலாம். 2008 டிசம்பரில் திறந்தது. நீளம் 4.4 கிலோமீட்டர், நடுவில் 3 கிலோமீட்டருக்கு மேல் தூணே கிடையாது. கீழே ஃபிட்ஸ்சிம்மன்ஸ் ஓடைப் பள்ளத்தாக்குக்கு மேல் 436 மீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டு 11 நிமிடம் போவீர்கள். இரண்டு பெட்டிகளுக்கு மட்டும் கண்ணாடித் தரை. அவற்றுக்குத் தனி வரிசை, காத்திருந்து ஏறுங்கள். மேகம் மூடிய நாளில் இதற்குக் காசு செலவழிக்காதீர்கள், வெள்ளைத் துணிக்குள் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். காலையில் மலைமேல் உள்ள கேமராப் படங்களை மகன் போனில் பார்த்துவிட்டு, வெயில் அடிக்கிற நாளாகப் பிடியுங்கள். அப்படி ஒரு நாள் அமைந்தால், கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளைச் சிகரங்கள், நடுவில் கரிய கொம்பு போல பிளாக் டஸ்க் என்ற எரிமலைப் பாறை. அதைப் பார்த்தால் இந்தப் பயணத்துக்கு ஏன் வந்தோம் என்ற கேள்வியே உங்களுக்கு வராது.

கூடும் இடமாக ரவுண்ட்ஹவுஸையே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சாப்பாட்டுக்கூடம், கழிப்பறை, சூடான இடம், பிள்ளைகள் பயிற்சி முடிந்து ஏறி வரலாம். மதியம் 12 மணிக்குக் கூட்டம் அலைமோதும், 11 மணிக்கே போய் மேசை பிடித்துவிடுங்கள். தெர்மாஸில் ரசமும் டப்பாவில் இட்லியும் கொண்டுபோனால் அதைவிட நல்ல மலைச்சாப்பாடு கிடையாது.

மலை ஏறாத நாளில் கிராமத்துக்குள் நடக்கலாம். நடுப்பகுதியில் கார் கிடையாது, நடைபாதைதான். ஸ்குவாமிஷ், லில்வாட் என்ற அந்த மண்ணின் பூர்வகுடிகளின் பண்பாட்டு மையம் இருக்கிறது, 2008-இல் திறந்தது. கட்டாயம் போங்கள். மரத்தைக் குடைந்து செய்த படகுகள், கம்பளி நெசவு எல்லாம் பார்க்கலாம். காரைக்குடித் தேக்கு வேலைப்பாட்டைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தச் செதுக்கல்கள் பிடிக்கும். ஆடெய்ன் (Audain) என்ற பெயரில் நல்ல கலைக்கூடம் ஒன்றும் உண்டு. பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட வேண்டுமென்றால் டியூபில் உட்கார்ந்து சறுக்கும் பூங்கா இருக்கிறது. அண்ணன் மேலே நின்று பார்த்துக்கொண்டால் போதும்.

நடக்கும்போது ஒரு எச்சரிக்கை. வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் சறுக்குச் சரிவில் இல்லை, கார் நிறுத்துமிடத்திலும் ஓட்டல் வாசலிலும்தான். மழை பெய்து இரவில் உறைந்தால் தரை கண்ணாடி. செருப்புக்கடையிலேயே ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை விற்பார்கள், கொஞ்சம் காசுதான். இருவருக்கும் வாங்கிவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர் யாராவது இருந்தால் மருந்தை வெளிப்பையில் வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலின் பயன்படாது. உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். அப்புறம், காலையில் மலைப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டால் பதற வேண்டாம். இரவில் பனி அதிகம் கொட்டினால், அது தானாகச் சரிந்து ஆளை மூடாமல் இருக்க, திறக்கும் முன் வெடி வைத்து இறக்கிவிடுவார்கள். அதே காரணத்துக்காகத்தான் கயிறு கட்டிய எல்லையைத் தாண்டக் கூடாது என்பதும். மரங்களுக்கு நடுவில் பிள்ளைகளை விடாதீர்கள். ஊசியிலை மரத்தடியில் பனி இறுகாமல் குழியாக இருக்கும், தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது.

காலத்தையும் காசையும் சேர்த்தே பேச வேண்டும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரைதான் வருடத்திலேயே அதிகக் கூட்டம், அதிக விலை. பகலும் குறைவு, மூன்று மணிக்கு லிஃப்ட்கள் நிற்க ஆரம்பிக்கும், சீக்கிரமே இருட்டிவிடும். பிள்ளைகளின் பள்ளியில் நான்கைந்து நாள் கூடுதலாக லீவு சொல்ல முடியுமானால், புத்தாண்டை மகன் வீட்டில் கழித்துவிட்டு ஜனவரி முதல் வாரக் கடைசியில், வார நாட்களில் மலை ஏறுங்கள். அறை வாடகை நன்றாக இறங்கும். இன்னொரு வசதியும் இருக்கிறது: நமக்கும் அங்கேயும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம், தூக்கம் சீராகவே சில நாள் ஆகும், மகன் வீட்டில் இருக்கும்போதே அது சரியாகிவிடும். பிள்ளையார் நோன்பு அந்தச் சமயத்தில் வந்தால் மகன் வீட்டிலேயே இழை எடுத்துக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பலாம்.

லிஃப்ட் டிக்கெட்டை அன்றன்று கவுண்டரில் வாங்குவதுதான் மிக மோசமான வழி. உச்ச நாட்களில் அந்த விலை மிக அதிகம். முன்கூட்டி வாங்கும் பாஸ்கள் அதில் பாதிக்கும் கீழே வரலாம், ஆனால் அவற்றின் விற்பனை டிசம்பர் தொடக்கத்தோடு முடிந்துவிடுவது வழக்கம். மகன் செப்டம்பரிலேயே முடித்துவிட வேண்டும். முதல் தடவைக்காரர்களுக்குப் பயிற்சி, சின்ன லிஃப்ட், வாடகைச் சாமான் மூன்றும் சேர்ந்த பேக்கேஜ் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். சின்னச் சரிவில் இருக்கப்போகிறவருக்கு மலை முழுவதற்கான பாஸ் தண்டம்.

தங்குவதற்குச் சமையலறை உள்ள இடமாகப் பாருங்கள். ஏழு பேர் மூன்று வேளை வெளியே சாப்பிட்டால் அது ஒரு தனிச் செலவு. அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் வான்கூவரை ஒட்டிய சர்ரேயில் உள்ள இந்தியக் கடைகளில் வாங்கி ஏற்றிக்கொண்டு போங்கள். ஊரிலிருந்து சீப்புச் சீடை, தேன்குழல், பொடி வகை, வற்றல் கொண்டுபோகலாம். விமான நிலையத்தில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று மறைக்காமல் அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காமல் மாட்டினால் அபராதம் 1,300 டாலர் வரை போகும். பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், சர்ரேயிலேயே கிடைக்கும்.

சாலைக்கு ஒன்று. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை விஸ்லர் போகும் 99-ஆம் எண் நெடுஞ்சாலையில் குளிர்கால டயர் கட்டாயம். ஏழு பேருக்கு வண்டி வாடகைக்கு எடுத்தால் அந்த டயர் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வழியில் ஷானன் அருவியில் நிறுத்துங்கள், 335 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது, சாலையிலிருந்து கொஞ்ச தூர நடைதான்.

கடைசியாக இன்சூரன்ஸ், இதைத் தள்ளிப்போடவே கூடாது. கனடாவில் வருகையாளருக்கு ஆஸ்பத்திரிச் செலவு தாங்காது. சாதாரணப் பயண இன்சூரன்ஸில் ஸ்கீ போன்ற விளையாட்டுகளை விலக்கி வைத்திருப்பார்கள். பாலிசியில் குளிர்கால விளையாட்டு சேர்ந்திருக்கிறதா, அண்ணனுக்கு ஏற்கெனவே உள்ள மூட்டுப் பிரச்சினைக்கும், ரத்த அழுத்தம் இருந்தால் அதற்கும் அது பொருந்துமா என்று ஏஜெண்டிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு டிக்கெட் போடச் சொல்லுங்கள்.